ராத்திரிக் கும்மிக்கு 240 வேண்டாம்

கோபி பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எம் பொண்ணோட வள்ளிக்கும்மி அரங்கேற்றத்தைப் போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்தனுங்க. படம் பூரா லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. புள்ளைங்க மொகமெல்லாம் பொடிப்பொடியா வருது. சரி, பகல்லயாவது எடுக்கலாம்னு ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துக்குப் போயி 960-ல வெச்சு எடுத்தா, மாட்டுக் காலு கரைஞ்ச மாதிரி இருக்குதுங்க. நல்ல வெலை குடுத்து வாங்குன போன்தான். வேற போன் வாங்கோணுங்களா?"

வேறு போன் வேண்டாம். ராத்திரி வந்த கோளாறும் பகலில் வந்த கோளாறும் ஒரே பழக்கத்தால் வந்தவை. வினாடிக்கு எத்தனை படம் என்று போன் காட்டும் எண்களில் பெரியதைத் தொட்டுவிட்டு எடுக்க ஆரம்பிக்கிறோம். அந்த எண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் அங்கே இருக்கிறதா, அது எப்படிப்பட்ட வெளிச்சம் என்று பார்ப்பதில்லை. ஸ்லோமோஷனில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எண்ணை அப்புறம் முடிவு பண்ணலாம்.

கணக்கு எளிதுதான். சாதாரண வீடியோவில் போன் வினாடிக்கு 30 படம் எடுத்து, அதே 30 படமாக ஓட்டுகிறது. 120 எடுத்து 30 ஆக ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகத் தெரியும். 240 என்றால் எட்டு மடங்கு. ஆனால் ஒரு வினாடியை 240 கூறு போட்டால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது அதில் ஒரு கூறுதான். அதற்குள் லென்ஸ் வழியே வந்து சேரும் ஒளியை வைத்துத்தான் படம் உருவாக வேண்டும். 30-இல் எடுக்கும்போது கிடைக்கக்கூடிய ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் 240-இல் கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பங்கே தாராளம். ராத்திரியில் அது போதாமல் போன் ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றிச் சமாளிக்கப் பார்க்கிறது. முகத்தில் நீங்கள் பார்த்த பொடி அதனால் வந்தது.

மினுக்கலுக்குக் காரணம் வேறு. நம் வீட்டுக்கு வரும் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று மாறும் மின்சாரம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்குவதால், அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஜெனரேட்டர் வைத்தாலும் இதே 50தான். நம் கண்ணுக்கு அது தெரியாது. 240-இல் எடுக்கும் போனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு படம் விளக்கு கூடியிருக்கும் கணத்தில் விழுகிறது, அடுத்தது குறைந்திருக்கும் கணத்தில் விழுகிறது. எட்டு மடங்கு மெதுவாக ஓட்டும்போது அந்த ஏற்ற இறக்கம் கண்ணை உறுத்தும் மினுக்கலாக வருகிறது. விலை குறைந்த எல்.இ.டி. ஃபிளட்லைட்டுகளும் பழைய மெட்டல் ஹேலைடு விளக்குகளும் இதில் மோசம். உள்ளே கரண்டைச் சீராக்கும் நல்ல டிரைவர் வைத்த எல்.இ.டி. என்றால் மினுக்கல் தெரியாத அளவுக்கு இருக்கும்.

இதற்கு வழி ஷட்டரில், அதாவது ஒரு படத்துக்கு ஒளி உள்ளே வரும் நேரத்தில், இருக்கிறது. விளக்கின் ஒரு ஏற்ற இறக்கம் முடிய வினாடியில் 100-இல் ஒரு பங்கு ஆகிறது. ஷட்டரையும் சரியாக 1/100 என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் அடங்கிவிடும். எல்லாப் படமும் ஒரே வெளிச்சமாக வரும், மினுக்கல் நின்றுவிடும். ஆனால் 120-இல் எடுத்தால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரமே அதிகபட்சம் 1/120தான். அதற்குள் 1/100 அடங்காது. 240-இல் பேச்சே இல்லை. ஆகவே மினுக்குகிற விளக்கின் கீழ் 120-ம் 240-ம் எந்த விலைப் போனிலும் மினுக்கத்தான் செய்யும்.

60-இல் அடங்கும். ராத்திரிக் கும்மிக்கு நான் சொல்லும் அளவு இதுதான்: வினாடிக்கு 60 படம், ஷட்டர் 1/100. இதற்கு ஸ்லோமோஷன் பொத்தானைத் தொடவே வேண்டாம். சாதாரண வீடியோவை 60-க்கு மாற்றி, புரோ வீடியோ பகுதிக்குள் போய் ஷட்டரைக் கையால் வையுங்கள். உங்கள் போனில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் இருக்கிறது, ஐபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கிடைக்கும். 240-இல் போன் வழக்கமாக வைக்கும் 1/480-ஐ விட 1/100-இல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஒளி உள்ளே வரும். அதனால் முகத்துப் பொடியும் பெருமளவு போய்விடும்.

அரை வேகம்தானே வரும், போதுமா என்று கேட்பீர்கள். கும்மிக்கு அதுதான் சரி என்பது என் கருத்து. கைதட்டி, குனிந்து, நிமிர்ந்து, திரும்பி அடுத்த அடிக்குப் போகிற ஆட்டம் அது. எட்டு மடங்கு மெதுவாக்கினால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் பார்ப்பவர் அடவையே மறந்துவிடுவார். அரை வேகத்தில் அடவு கலையாது, அதே சமயம் சாதாரணமாகக் கண்ணில் படாதது படும். இரண்டு கையும் சேரும் கணத்தில் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் ஏறி இறங்குவதைப் பாருங்கள். உடம்பு திரும்பி முடித்த பிறகும் தலையில் இருக்கும் மல்லிகைச் சரம் ஒரு கணம் பிந்தித் திரும்பும். வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கலையைப் படம் எடுக்கும்போது அடவு தெரிய எடுப்பதுதான் முறை.

60-இல் இன்னொரு வசதி, பாட்டும் சேர்ந்து பதிவாகும். ஸ்லோமோஷனில் பல போன்கள் ஒலியை விட்டுவிடும், பதிவு செய்தாலும் இழுத்து இழுத்துக் கேட்கும். முழுப்பாட்டையும் 60-இல் எடுத்து வைத்துக்கொண்டால், இன்ஷாட் மாதிரி ஏதாவது ஒரு எடிட்டிங் ஆப்பில் வேண்டிய இரண்டு மூன்று இடத்தை மட்டும் பாதி வேகமாக்கலாம். பாட்டை அதன் வேகத்திலேயே அடியில் ஓடவிடலாம்.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு விளக்குப் போடுவார்கள் இல்லையா, அப்போது ஒரு சோதனை செய்துவிடுங்கள். போனை 240-இல் வைத்து ஒவ்வொரு விளக்கையும் ஐந்து வினாடி எடுத்து ஓட்டிப் பாருங்கள். எது மினுக்குகிறது, எது மினுக்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். மினுக்காத விளக்கு இருக்கும் பக்கமாக நின்று எடுக்கலாம். அன்று எடுத்ததை நாளைக்குச் சரிசெய்ய மென்பொருள் உண்டு, ஆனால் பாதிதான் சரியாகும். மைதானத்தில் டிராக்டர் நிற்குமானால் அதன் பழைய மஞ்சள் ஹெட்லைட் பேட்டரியில் எரிவது, மினுக்காது. ஆடுகிறவர்கள் கண்ணில் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் நிறுத்திப் போட்டால் முகத்துக்கு நல்ல ஒளி கிடைக்கும். இன்னும் நல்லது, ஒத்திகையை ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் வைக்கச் சொல்லி 120-இல் எடுத்துவிடுவது. அந்த வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு வாடகைக்குக் கிடைக்காது.

இனி ரேக்ளா. மாட்டுக் கால் கரைவது வெளிச்சக் குறையால் இல்லை. உங்கள் போனின் 960 பெரும்பாலும் நிஜமான 960 இல்லை. 240-ஓ 480-ஓ எடுத்து, நடுவில் இருக்க வேண்டிய படங்களை மென்பொருள் தானாக வரைந்து நிரப்புகிறது. பந்து பறப்பது, தண்ணீர் ஒரே போக்கில் ஓடுவது மாதிரி நேரான அசைவை அது ஓரளவு சரியாக ஊகிக்கும். நான்கு காலும் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறிப் போகும் காளை ஓட்டத்தில் எந்தக் கால் எங்கே போனது என்று அதற்குத் தெரிவதில்லை. ஒரு காலை அழித்து இன்னொன்றில் ஒட்டுகிறது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் பாருங்கள், அங்கேயும் அதே கலங்கல் இருக்கும்.

நிஜமாக 960 எடுத்த போன்கள் வந்ததுண்டு. சோனி எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம் 2017-இல் கொண்டுவந்தது, அடுத்த வருடம் சாம்சங் கேலக்ஸி எஸ்9. சென்சாரோடு சேர்த்தே நினைவகத்தை ஒட்டிவைத்து அதைச் சாதித்தார்கள். அப்படியும் ஒரு தடவைக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் எடுக்க முடிந்தது, அதுவும் 720பி என்ற குறைந்த தரத்தில். ஐந்தில் ஒரு பங்கு வினாடி சுமார் 190 படம், ஓட்டினால் ஆறு வினாடி. கோயில் வாசலில் சிதறுகாய் உடைவதை எடுக்க அது அருமையான வசதி. ஆனால் மனிதன் பார்த்து விரலை அழுத்தவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். காய் தரையில் பட்டதும் அழுத்தினால் முடிந்துபோன காட்சிதான் கிடைக்கும், காய் கையை விட்டுக் கிளம்பும்போதே அழுத்த வேண்டும். ஒரு போன் 960-இல் நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்டே போகிறதா? அது வரைந்து நிரப்பும் வகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரேக்ளாவுக்கு 240 போதும், பல இடங்களில் 120-ஏ போதும். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 30-இல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 240-இல் அந்த நகர்வு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. குளம்பு தரையில் பதிவது, மண் தெறிப்பது, கால் மறுபடி எழுவது எல்லாம் தனித்தனியாகப் பிடிபடும். வெயிலில் போனே ஷட்டரை 1/1000-க்கு மேல் கொண்டுபோய்விடும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். கால் கூர்மையாக விழ அதுதான் வேண்டும்.

நிற்கும் இடத்தைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், படத்தின் பாதி அதில் இருக்கிறது. பந்தயம் பெரும்பாலும் காலையில் தொடங்கும், சூரியன் தாழ்வாக இருக்கும். எல்லோரும் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பார்கள். நீங்கள் மறுபக்கம் போய், சூரியன் காளைக்குப் பின்னால் சாய்வாக இருக்கும்படி நில்லுங்கள். அப்போதுதான் புழுதி ஒளி வாங்கும். ஒவ்வொரு மண் துகளும் தனியாக மின்னும், காங்கேயம் காளையின் திமிலைச் சுற்றி ஒரு வெள்ளிக் கோடு விழும். முகமும் உடம்பும் இருண்டுபோகாமல் இருக்க, முதல் வண்டி ஓடும்போது காளையின் உடம்பில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் புழுதி எழும்போதெல்லாம் போன் தடுமாறும்.

200 மீட்டரோ 300 மீட்டரோ, ஓடுபாதையின் முடிவுக்கோட்டில்தான் கூட்டம் நெருக்கும். நடுப்பாதியில் கயிற்றுக்கு வெளியே, இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்து, வண்டி வரும்போது இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக் கூடவே கொண்டுபோங்கள். கை நடுக்கம் பற்றிக் கவலை வேண்டாம், அதுவும் எட்டு மடங்கு மெதுவாகி மறைந்துவிடும். ஜூம் மட்டும் வேண்டாம். முதன்மை லென்ஸ்தான் மற்றவற்றைவிட அதிக ஒளி வாங்கும். ஒரு கெஞ்சலும் உண்டு: நல்ல காட்சிக்காகக் கயிற்றைத் தாண்டி ஓடுபாதையில் இறங்காதீர்கள். போன் திரையில் வண்டி தூரத்தில் இருப்பதாகத் தெரியும், நிஜத்தில் அது பக்கத்தில் வந்திருக்கும்.

மில்லிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்கிறவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. சாதா விசைத்தறி நிமிடத்துக்கு 120 வீச்சு ஓடுகிறது என்றால், ஒரு வீச்சுக்கு அரை வினாடி. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா பாவு நூல்களுக்குள் பறக்கும் நேரம் அதிலும் ஒரு பகுதிதான், இருந்தும் 240-இல் நன்றாகவே பிடிபடும். ஸ்பின்னிங் மில் ஸ்பிண்டில் பிடிபடாது. நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் வினாடிக்கு 300. 240-இல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அது ஒன்றேகால் சுற்று சுற்றிவிடும், படத்தில் அது கால் சுற்றாகத்தான் தெரியும். பார்க்க அழகாக மெதுவாகச் சுற்றும், ஆனால் அது பொய்க் காட்சி. வேகம் சரிபார்க்க அதை நம்ப வேண்டாம்.

எவ்வளவு நேரம் எடுப்பது? 240-இல் மூன்று வினாடி எடுத்தாலே ஓட்டும்போது 24 வினாடி. வண்டி சாதா வேகத்தில் வந்து, குளம்பு பதியும் ஒரு வினாடி மட்டும் மெதுவாகி, மறுபடி வேகம் பிடித்துப் போகட்டும். ஸ்லோமோஷன் கோப்பைத் திறந்தால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று நகர்த்துகிற பட்டை பல போன்களில் இருக்கிறது. இடம் அதிகம் பிடிக்கும் என்பதையும் கவனியுங்கள்: ஐபோனில் 1080பி 240 நிமிடத்துக்கு 480 எம்பி, 120 என்றால் 170 எம்பி. சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூர் பரமத்தியிலோ நின்று தொடர்ந்து எடுத்தால் போன் சூடேறி ஆப்பை மூடிவிடும். உறையைக் கழற்றி, ஓட்டங்களுக்கு நடுவில் நிழலில் வையுங்கள். கொதிக்கும் கார் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். புழுதித் துகள் எல்லாம் சதுரம் சதுரமாகப் போய்ச் சேரும், இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமில்லாமல் போகும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது ஐபோன் ஸ்லோமோஷன் சாதா வேகத்தில் ஓடினால் பயப்பட வேண்டாம், மெதுவாக்கும் குறிப்பு கோப்போடு போகவில்லை, அவ்வளவுதான். படங்கள் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும், எடிட்டிங் மென்பொருளில் எட்டில் ஒரு பங்கு வேகம் வைத்தால் திரும்ப வந்துவிடும்.