ஒரே புயலில் ஓணானின் கால் மாறுமா?

கேள்வி: பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருடத்துக் கதை என்றுதான் பள்ளியில் படித்தோம். ஒரே புயலில் ஓணான்களின் உடல் மாறிவிட்டது என்று ஒரு செய்தி பார்த்தேன். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். ஆனால் எந்த ஓணானுக்கும் காற்றடித்ததும் கால் வளர்ந்துவிடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரீபியன் கடலில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகள் இருக்கின்றன. அங்கே எலிகளை ஒழிக்கும் திட்டத்துக்கு முன்னேற்பாடாக, காலின் டோனிஹ்யூ என்கிற உயிரியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2017-இல் இரண்டு குட்டித் தீவுகளில் அனோல் என்கிற சின்ன ஓணான்களைப் பிடித்து அளவெடுத்தார்கள். வேலை முடிந்த சில நாளிலேயே இர்மா சூறாவளி, அடுத்த இரண்டு வாரத்தில் மரியா. திரும்பப் போய் உயிர் தப்பியவற்றை அளந்தால், அவற்றின் விரல்களில் உள்ள ஒட்டும் பட்டை (நம் வீட்டுப் பல்லிக்கு இருக்கிறதே, அது போல) சராசரியாகப் பெரிதாக இருந்தது, முன்னங்கால் நீளமாகவும் பின்னந்தொடை குட்டையாகவும் இருந்தன.

பின்னந்தொடை ஏன் குட்டை? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. சருகு ஊதித் தள்ளும் இயந்திரத்தை வைத்து, ஒரு குச்சியில் இருந்த ஓணான் மேல் காற்றடித்தார்கள். அது உடனே குச்சியின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது, நம்ம ஊர் ஓணான் ஆளைக் கண்டதும் மரத்துக்குப் பின்னால் போகுமே, அப்படி. காற்று கூடக்கூட முதலில் பின்னங்கால்கள்தான் பிடி விட்டன, அப்புறம் முன்னங்காலை மட்டும் நம்பி உடம்பு முழுக்கக் கொடி போலப் படபடத்தது. வெளியே நீட்டி நிற்கும் நீளமான தொடை, பாய்மரம் மாதிரி காற்றை வாங்குகிறது. கடைசியில் ஓணான் எதிரே கட்டியிருந்த வலையில் போய் விழும், காயம் எதுவும் இல்லாமல்.

ஆக, பிடித்துத் தொங்க முடிந்தவை பிழைத்தன, மற்றவை போய்விட்டன. இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

சரி, இது அடுத்த தலைமுறைக்கும் போகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தீவுகளில் விரல் பட்டை பெரிதாகவே இருந்தது. பிறகு சுமார் 70 வருடப் புயல் பதிவுகளை 188 அனோல் இனங்களோடு ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள்: சூறாவளி அதிகம் தாக்கும் இடங்களில் வாழும் இனங்களுக்கே பட்டை பெரிது.