மருத்துவப் பதிவேட்டுப் பணிக்குத் தட்டச்சு தெரிந்தால் போதுமா?

மருத்துவமனை அலுவலகப் பணிக்கும் நோயாளி ஆவணப் பராமரிப்புக்கும் தட்டச்சு போதாதா, தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முன்பதிவு, கோப்பு, ரசீது எல்லாம் விரைவில் கைவந்துவிடும். ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் பதியும் நோய்க் குறியீடுதான் ஆளைச் சோதிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் முதல் வகை நீரிழிவு ஈ10, இரண்டாம் வகை ஈ11. மருத்துவர் வெறுமனே ‘சர்க்கரை’ என்று கிறுக்கியிருந்தால் நீங்களாக ஊகித்து எண் போடக் கூடாது. அவரிடமே கேட்க வேண்டும். எண் பிசகினால் காப்பீட்டுத் தொகை நின்றுபோகலாம். அதைவிட மோசம், இல்லாத நோய் ஒருவரின் பதிவேட்டில் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் உடற்கூறியலையும் மருத்துவச் சொற்களையும் படியுங்கள். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்றால் வெட்டி அகற்றுதல். இந்த ஈறுகள் பிடிபட்டால் பாதிப் பயம் போய்விடும். 2022இல் அந்தப் பட்டியலின் அடுத்த பதிப்பான ஐசிடி-11 நடைமுறைக்கு வந்துவிட்டதால், சேரும் படிப்பில் அதுவும் உண்டா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.