மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் தம்பி: வீட்டில் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 21. வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஊசியாக ஏற்றிக்கொள்வது இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சும் அப்பா, பத்து நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். இவ்வாறு ஏற்றப்படும் டாபென்டடால் போன்ற மாத்திரைகள், மூளையில் ஹெராயின் செயல்படும் அதே வழியில் செயல்படுபவை. நிறுத்தியதும் தொடங்கும் உடல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவை பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தணிந்துவிடும் என்பதால், அப்பாவின் கணக்கு சரியென்றே தோன்றும். ஆனால் அந்த நாட்களில் மருந்தைத் தாங்கும் திறனைத்தான் உடல் இழக்கிறது. ஏக்கம் அப்படியே இருக்கிறது. கதவு திறந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏக்கத்தைத் தணிக்க, நாவின் கீழ் வைக்கும் புப்ரெனார்பின் போன்ற மருந்தை மருத்துவர் மாதக்கணக்கில் தர நேரலாம். ஒரு போதைக்கு இன்னொன்றா என்று உறவினர்கள் கேட்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். சிகிச்சைக்கு வருபவரைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே, போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவில் வழி வைத்திருக்கிறது.

மாத்திரையில் உள்ள டால்க், மாவுப்பொருள் போன்றவை முழுதாகக் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கின்றன. ஊசி வழி புகும் கிருமிகள் இதய வால்வையே அரிக்கக்கூடும். ஊசியை நண்பர்களோடு பகிர்ந்திருந்தால், அவனோடு நில்லாமல் ஒரு தெருவுக்கே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவை பரவ வழியுண்டு. எச்.ஐ.வி. பரிசோதனை அரசு நம்பிக்கை மையங்களில் இலவசம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரைகளில் குணமாகிவிடும். 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

கடன் இருக்கிறதா என்று அதட்டாமல் கேளுங்கள். மாத்திரை விற்பவனிடமே கடன்பட்ட இளைஞன், அதை அடைக்க நண்பர்களுக்கு விற்கத் தொடங்குவதுண்டு. அதன்பின் சட்டமும் அவனை நோயாளியாக மட்டும் பார்க்காது. வட்டிக்கு வாங்கித் தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன், அது உரிமம் பெற்றதா என்று பாருங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது.

ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். எழுப்பியும் எழாமல், மூச்சு மெலிந்து, உதடு நீலம் பாரித்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108ஐ அழையுங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அதன் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோனை மருத்துவர்கள் தாமதமின்றித் தர முடியும்.