இருட்டில் வண்டி ஓட்டும் பாடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நைட் விஷன் கருவியை மாட்டினால் இருட்டிலும் பாதை தெரிகிறதே, ராணுவ ஓட்டுநருக்குத் தனியாக, திரைமுன் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பயிற்சி எதற்கு?

பதில்: தெரியும், ஆனால் பகல் போலத் தெரியாது. பெரும்பாலான கருவிகளில் பார்வைப் பரப்பு சுமார் 40 டிகிரிதான். ஓரக்கண்ணுக்கு வேலையே இல்லை. தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே ஓட்ட வேண்டும். வெளிச்சத்தைப் பெருக்கும் ஒரே குழாயின் படத்தை இரு கண்ணுக்கும் காட்டும் கருவியில் தூரக் கணிப்பும் தடுமாறும். மேட்டைவிடப் பள்ளம்தான் ஆளைக் கவிழ்க்கும். கிட்டே போகும்வரை அதன் எதிர்விளிம்பு மெல்லிய கோடாகத்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கி.மீ. வேகத்தில், பள்ளத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 2 விநாடி ஆனாலே வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும். மண் சாலையில் நிற்க மேலும் 9 மீட்டராவது வேண்டும். 60 கி.மீ. என்றால் மொத்தம் 70 மீட்டரை நெருங்கும். மேகம் மூடிய அமாவாசை இரவில் படம் முழுக்கப் புள்ளிகள் மினுமினுக்கும். அத்தனை தூரத்தில் பள்ளம் கண்ணில் படுவது சந்தேகம்தான். நிஜ வண்டியில் இதைக் கவிழ்ந்துதான் கற்க வேண்டும். சிமுலேட்டரிலோ அதே பாதையை முழுநிலவு, அமாவாசை, முன்வண்டி கிளப்பும் புழுதி என்று மாற்றி மாற்றி ஓட்ட வைக்கலாம்.

கேள்வி: அசல் கருவியை மாட்டிக்கொண்டே திரையைப் பார்ப்பார்களா?

பதில்: அப்படியும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் கருவி பிடிக்கும் என்பதால், புரொஜெக்டர் அதையும் வீச வேண்டும். தலைவலி கறுப்பில்தான்: 'கறுப்பு' காட்டும்போதும் கசிகிற துளி வெளிச்சத்தைக் கருவி பல ஆயிரம் மடங்கு பெருக்கிவிடும், அமாவாசை நிலாக்காலமாகிவிடும். அறையில் ஒரு எல்.இ.டி. விளக்கு எரிந்தாலும் இதே கதை. ஃபோகஸில், முதலில் கண்பக்க லென்ஸைத் திருப்பிக் கருவிக்குள் மினுமினுக்கும் புள்ளிகளைக் கூர்மையாக்கி, பிறகு முன்லென்ஸைப் பார்க்கும் பொருளின் தூரத்துக்கு வைக்க வேண்டும். சில மீட்டரில் உள்ள திரைக்கு வைத்த முன்லென்ஸோடு களத்துக்குப் போனால் எல்லாமே மங்கல்.

இன்னொரு வகை, கருவி வடிவக் கூட்டுக்குள் குட்டித் திரை. பகல் படத்துக்குப் பச்சை பூசி ஒப்பேற்றினால் அது பொய்ப் பயிற்சி. பச்சிலை அகச்சிவப்பில் பளீரென்று வெளுத்துத் தெரியும். பூச்சுப் படத்தில் மரம் கறுத்து நிற்கும்.

கேள்வி: பயிற்சியில் குமட்டுவது ஏன்?

பதில்: ஓடுவதாகக் கண் சொல்கிறது, உடம்பு இல்லை என்கிறது. தலையைத் திருப்பிய பின் படம் தாமதமாக வந்தால் இன்னும் மோசம். அமர்வைச் சுருக்குங்கள். குமட்டல் தீரும்வரை நிஜ வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொட விடாதீர்கள்.