நரம்பை எடுத்த பிறகும் பல் வலிக்குமா?

மேல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் செய்து நான்கு நாளாகிறது. நரம்பையே எடுத்தாச்சு என்றார்கள். ஆனால் இட்லியைக் கடித்தால்கூட சுரீர் என்கிறது! (வாசகி, கரூர்)

எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பைத்தான். பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய நாருக்குத் தனி நரம்பு உண்டு. வேர் நுனிவரை சுத்தம் செய்ததில் அந்த இடம் கன்றியிருக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் இட்லிக்கே வலி என்கிறீர்களே, அடைத்த இடம் ஒரு துளி உயரமாக நிற்கிறதோ என்று சந்தேகம். வாய் மரத்திருக்கும்போது யாராலும் சரியாகக் கடித்துக் காட்ட முடியாது, அதனால் இது அடிக்கடி தப்பிவிடும். மை தடவிய தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த புள்ளியை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை. திரும்பப் போகக் கூச்சப்படாதீர்கள்.

ரூட் கெனால் செய்து கேப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அதே மேல் கடைவாய்ப்பல் விட்டு விட்டு வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். (வாசகர், தஞ்சாவூர்)

எட்டு மாதம் பொறுத்ததே அதிகம். மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். ஆனால் அவற்றுக்குள் நரம்பு ஓடும் கால்வாய் பலருக்கு நான்கு. கன்னத்துப் பக்கம் முன்னால் உள்ள வேரில் ஒளிந்திருக்கும் அந்த நான்காவது கால்வாயின் துளை முடி கனம்தான் இருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் தேடினால் அனுபவசாலிக்கும் தப்பும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி உள்ளேயே குடியிருக்கும். எக்ஸ்ரே வெறும் நிழல். ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் கால்வாய்களை ஒரே கோடாகக் காட்டும். பல்லை முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் பிரிந்து தெரியும். கால்வாய் விடுபட்டிருந்தால் மறுபடி ரூட் கெனால் செய்து பல்லைக் காப்பாற்றலாம். வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால்தான் பெரும்பாலும் பிடுங்கவேண்டி வரும்.

இன்னொன்று: சளி பிடித்தபோதும், குனியும்போதும் வலி கூடுகிறதா? மேல் பல் வேர்களுக்குச் சற்று மேலேதான் சைனஸ் அறை. குற்றவாளி அதுவாகவும் இருக்கலாம்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் போட்டேன், குறையவில்லை. மாற்றிப் போடலாமா? (வாசகர், வேலூர்)

வேண்டாம். அது வலி மாத்திரை அல்ல. வீக்கம், காய்ச்சல் இருந்தால் மருத்துவர் எழுதித் தரட்டும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு வயது 62. ரூட் கெனால் செய்தும் நிற்காமல் மூன்று பல் பிடுங்கியாச்சு. முகம் கழுவினாலே கரன்ட் அடிப்பதுபோல் சில நொடி வலி. (வாசகி, திருநெல்வேலி)

மூன்று பல்லும் வீணாகப் போயிருக்கலாம் என்று எழுதவே சங்கடமாக இருக்கிறது. நீங்கள் சொல்வது முகத்து நரம்பு வலியைப் போல இருக்கிறது. தொட்டால், பல் துலக்கினால், காற்று பட்டால் மின்னலாய் வெட்டிப் போவது அதன் அடையாளம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கார்பமசெபைன் மாதிரி மாத்திரைகள் பலருக்குக் கேட்கும். ரத்தப் பரிசோதனை பார்த்து அவர்தான் தொடங்கவேண்டும். அதுவரை நான்காவது பல்லில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.