வயரைக் குத்தினால் நெட் வருமோ? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியள்ல கனக்க போன் நெட்டைக் கேபிளால கொம்பியூட்டருக்கு எடுக்கிற யூஎஸ்பி டெதரிங்கைப் பற்றித்தான், அதால மற்றதுகளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதையே பாப்பம்.

கேள்வி: மகளின்ட ஒன்லைன் கிளாசுக்கு எண்டு வீட்டில கிடந்த பழைய டெஸ்க்டொப்பைத் தூசு தட்டி எடுத்தனாங்கள், அதில வைஃபை இல்லை. போனைக் கேபிளால குத்தினால் நெட் வரும் எண்டு சொல்லிச்சினம். குத்தினன், சார்ஜ் ஏறுது, ஆனா செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் எண்ட பட்டன் சாம்பல் நிறத்தில கிடக்கு, அமத்தினால் ஒண்டும் நடக்கேல்ல. கடையில வைஃபை அடப்டர் ஒண்டு வாங்கச் சொல்லுறாங்கள். வாங்கத்தான் வேணுமோ?
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: இப்போதைக்கு வாங்காதேங்கோ அக்கா. முதல்ல கேபிளை மாத்திப் பாருங்கோ. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள்ள நாலு வயர் இருக்கும், ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. மலிவாக் கிடைக்கிற கேபிள்கள், பவர் பேங்கோட சும்மா வாற குட்டிக் கேபிள்கள் கனத்தில டேட்டா வயரே இருக்காது, அதால சார்ஜ் மட்டும் ஏறும், மற்றப் பக்கத்தில ஒரு கொம்பியூட்டர் இருக்கு எண்டே போனுக்குத் தெரியாது, அதாலதான் பட்டன் சாம்பலாக் கிடக்கு. சோதிக்கிறது லேசு. அந்தக் கேபிளால போனில இருக்கிற ஒரு படத்தைக் கொம்பியூட்டருக்கு மாத்த ஏலுமெண்டால் கேபிள் நல்லது, ஏலாட்டி அதைச் சார்ஜுக்கு மட்டும் வைச்சுக்கொண்டு வேற எடுங்கோ. போனோட பெட்டிக்குள்ள வந்த கேபிள் இருந்தால் அது போதும்.

கேபிள் சரியெண்டால் செட்டிங்ஸ்ல நெட்வேர்க் பக்கம் போய் ஹொட்ஸ்பொட், டெதரிங் எண்டு இருக்கிற இடத்தைத் திறவுங்கோ, சாம்சங்கில அது கனெக்ஷன்ஸ் எண்டதுக்குள்ள இருக்கும். அங்க யூஎஸ்பி டெதரிங்கை ஒன் பண்ணினால் சரி. இதுக்குப் புதுப் போன் வேணும் எண்டில்லை, 2010ல வந்த அண்ட்ரொய்ட் 2.2லயே இந்த வசதி இருக்கு. விண்டோஸ் 10, 11 எண்டால் கொஞ்ச நேரத்தில தானாப் பிடிச்சிடும், ஆனா அது வைஃபை அடையாளத்தில வராது, ஈதர்நெட் எண்டுதான் காட்டும், அதைப் பாத்திட்டு வேலை செய்யேல்ல எண்டு நினைச்சுக் கழட்டிப் போடாதேங்கோ. பழைய மெஷின் எண்டபடியால் விண்டோஸ் 7 ஆ இருக்கவும் கூடும். அதிலயும் இது ஓடும், சிலவேளை டிவைஸ் மனேஜருக்குள்ள போய் மைக்ரோசொஃப்ட் எண்ட பேருக்குக் கீழ இருக்கிற ரிமோட் என்டிஐஎஸ் டிரைவரை (போனோட பேச விண்டோஸுக்கு உதவிற மென்பொருள்) கையால தெரிவு செய்ய வேண்டி வரும். ஆனா விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட் நிண்டு போச்சு, அதில வங்கிக் கணக்கு ஒண்டும் திறக்க வேண்டாம், கிளாஸ் மட்டும் பாக்கட்டும்.

இன்னொண்டு, இதைக் கனபேர் கவனிக்கிறேல்ல. உங்கட வீட்டிலயோ பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலயோ வைஃபை இருந்து உங்கட போன் அதில கனெக்ட் ஆகியிருந்தால், கேபிளால போறது அந்த வைஃபை நெட்தான், சிம் டேட்டா இல்லை. அண்ட்ரொய்ட் போனை அப்பிடியே வைஃபை அடப்டரா வைச்சிருக்கலாம், கடைக்காரன் விக்கப் பாத்த சாமான் உங்கட கையிலயே கிடக்கு. அலுமாரிக்குள்ள ஸ்கிரீன் வெடிச்ச பழைய போன் ஏதும் இருந்தால் அதைக் குத்தி நிரந்தரமா விடுங்கோ. ஒவ்வொருக்காலும் பட்டன் அமத்துறது அலுப்பு எண்டால் போன் செட்டிங்ஸ்ல சாதாரணமா மறைஞ்சு கிடக்கிற டெவலப்பர் ஒப்ஷன்ஸ்ல டிஃபோல்ட் யூஎஸ்பி எண்ட இடத்தில டெதரிங்கைத் தெரிவு செய்து விடலாம், பிறகு வயரைக் குத்தின உடன தானா ஒன் ஆகும்.

ஃபிளட்டுக்குள்ள சிக்னல் குறைவு எண்டால் போனை யன்னல் பக்கம் வைச்சு நீளமான கேபிள் போடுங்கோ, ஆனா யூஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீற்றர்தான் எல்லை, அதுக்கு மேல போனால் விட்டு விட்டுத்தான் வேலை செய்யும்.

கேள்வி: அண்ணா, ஒரு பின்னேரம் போன லெப்டொப்புக்கு குத்தி வச்சிட்டு அசைன்மென்ட் ஒன்டு டைப் பண்ணினேன், அவ்வளவுதான், வீடியோ ஒன்டும் பாக்கல்ல. ராவைக்கு பாத்தா மாசத்து டேட்டா முழுக்க முடிஞ்சி. வட்ஸ்அப், பேஸ்புக் பெக்கேஜும் தனியா போட்டுத்தான் இருந்தேன். யாரு குடிச்சா என்ட டேட்டாவ?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: விண்டோஸ்தான் தம்பி குடிச்சது. வைஃபையோ கேபிளோ, தனக்கு வாற நெட் ரீலோட் போட்டு எடுத்தது எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியாது. அதுவும் ஈதர்நெட் எண்டு கண்டால் அது ஏதோ பெரிய ஒஃபிஸ் லைன் எண்ட நினைப்பில எல்லாத்தையும் இறக்கத் தொடங்கிடும், விண்டோஸ் அப்டேட், வன்டிரைவ் (OneDrive) எண்ட ஒன்லைன் சேமிப்பில கிடக்கிற படங்கள், கேம் லோஞ்சர், வைரஸ் கார்ட், ஒண்டும் உங்களிட்டக் கேக்காது. நீங்கள் அசைன்மென்ட் டைப் பண்ணின நேரம் முழுக்க பின்னால இதுகள் ஓடியிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான், போனைக் குத்தி நெட் வந்த பிறகு விண்டோஸ் செட்டிங்ஸ்ல நெட்வேர்க், பிறகு ஈதர்நெட், அதுக்குள்ள மீட்டர்ட் கனெக்ஷன் (இது அளவான நெட் எண்டு காட்டுற அடையாளம்) எண்டிருக்கிறதை ஒன் பண்ணுங்கோ. அதோட பெரிய அப்டேட்டுகள் கனக்க நிண்டிடும், வன்டிரைவ் சிங்க் பண்ணுறதும் நிக்கும். எல்லாம் நிக்கும் எண்டு சொல்லமாட்டன், அவசரப் பாதுகாப்பு அப்டேட் சிலவேளை வரும், கேம் லோஞ்சருகள் இந்த அடையாளத்தை மதிக்கிறதும் குறைவு, அதுகளை நீங்களே மூடி வையுங்கோ. அதே செட்டிங்ஸ்ல டேட்டா யூசேஜ் எண்டு இருக்கு, எந்த அப் எவ்வளவு இழுத்தது எண்டு காட்டும், இப்பவே போய்ப் பாத்தால் உங்கட கள்ளன் பேரோட நிப்பான். போனிலயும் டெதரிங்கால போனது தனியா ஒரு வரியில காட்டும்.

வட்ஸ்அப், பேஸ்புக் பெக்கேஜ் உங்களுக்குக் கை குடுக்காததுக்குக் காரணம், அது அந்த அப்புகளுக்கு மட்டும்தான். விண்டோஸ் அப்டேட் வட்ஸ்அப் இல்லையே. உங்கட பிளானில இரவு டேட்டா இருந்தால் அப்டேட்டுகளை போஸ் பண்ணி வைச்சிட்டு நடுச்சாமம் கழிய நீங்களே அமத்தி இறக்கிறது புத்தி, எத்தினை மணி வரைக்கும் எண்டு பிளானில பாத்திட்டு அமத்துங்கோ. ஒரு கணக்கும் மனசில வைச்சிருங்கோ, செக்கனுக்கு ஒரு மெகாபிட் ஓடினால் ஒரு மணித்தியாலத்தில 450 எம்பி போகும். யூடியூப் பெரிய ஸ்கிரீனைக் கண்டால் தானாத் தரத்தைக் கூட்டும், 480க்கு இறக்கி விடுங்கோ.

கேள்வி: ஐபோனைக் குத்தினால் விண்டோஸ் லெப்டொப்பில நெட் வருகுதில்லை. டெதரிங் எண்ட சொல்லே செட்டிங்ஸ்ல இல்லை.
(தெஹிவளை வாசகர்)

பதில்: ஐபோன்ல அதுக்குப் பேர் பேர்சனல் ஹொட்ஸ்பொட், தனியா யூஎஸ்பிக்கு ஒரு பட்டன் இல்லை, ஹொட்ஸ்பொட்டை ஒன் பண்ணிக் கேபிளைக் குத்தினால் அதுவே போதும். ஆனா விண்டோஸ்ல அப்பிளின்ட டிரைவர் வேணும், அதுக்கு ஐடியூன்ஸோ மைக்ரோசொஃப்ட் ஸ்டோர்ல இருக்கிற அப்பிள் டிவைசஸ் எண்ட அப்போ போடுங்கோ. குத்தின உடன இந்தக் கொம்பியூட்டரை நம்புறியோ எண்டு போன் கேக்கும், ஓம் எண்டு அமத்தி பாஸ்கோட் குடுங்கோ, அதை அமத்தாமல் விட்டிட்டுத்தான் அரைவாசிப் பேர் கஷ்டப்படுகினம். மேல சொன்ன அந்த வைஃபையைக் கடத்துற விளையாட்டு ஐபோன்ல சரிவராது, சிம் டேட்டா மட்டும்தான் போகும்.

கேள்வி: மெக்புக்கும் அண்ட்ரொய்ட் போனும் வச்சிருக்கேன். கேபிள்ல வேல செய்யுதில்ல.
(வத்தளை வாசகி)

பதில்: கனக்க அண்ட்ரொய்ட் போன்கள் பேசிற அந்த ஆர்என்டிஐஎஸ் முறை (மேல சொன்ன ரிமோட் என்டிஐஎஸ்தான்) மெக்குக்குத் தெரியாது. வெளியாட்கள் செய்த டிரைவர் ஒண்டு முந்தி இருந்தது, புது மெக்குகள்ல அதோட மல்லுக்கட்டிறது வீண் வேலை. வைஃபை ஹொட்ஸ்பொட்டே போடுங்கோ. லினக்ஸ் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, குத்தினால் வரும்.

கேள்வி: கேபிள்ல நெட் வருது, ஆனா அடிக்கடி விழுது. போன் நல்லாச் சுடுது. பற்றரி பழுதாப் போகுமோ எண்டும் பயமா இருக்கு.
(பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: டெஸ்க்டொப் எண்டால் முன்பக்கத்து போர்ட்டை விட்டிட்டு பின்பக்கத்தில, மதர்போர்டோட நேரா இருக்கிற போர்ட்டில குத்துங்கோ. அதிலயும் விழுந்தால் டிவைஸ் மனேஜர்ல யூஎஸ்பி ஹப்பைத் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை ஒஃப் பண்ணலாம் எண்டதுக்குப் பக்கத்தில இருக்கிற சரி அடையாளத்தை எடுத்து விடுங்கோ. ரெண்டு சிம் போன் வைச்சிருக்கிறீங்களோ? ஒரு சிம்மில டேட்டா ஓடேக்க மற்றச் சிம்முக்குக் கோல் வந்தால் கனக்கப் போன்கள்ல டேட்டா நிண்டிடும், கோல் முடிய வரும். இங்க ஒவ்வொருத்தரும் ஒண்டு கோலுக்கு ஒண்டு டேட்டாவுக்கு எண்டு ரெண்டு சிம்மோட திரியிறபடியால் நெட் விழுகுது எண்டு சொல்லுறதில ஒரு பங்கு இதுதான். கோல் வந்த நேரத்தோட ஒத்துப்பாருங்கோ.

சூட்டைப் பற்றி, டேட்டாவும் சார்ஜும் ஒண்டா ஓடினால் சுடும்தான், கொழும்பு வெக்கையில இன்னும். கவரைக் கழட்டுங்கோ, மெத்தையில வைக்காதேங்கோ, யன்னல் வெயில் படாத இடமாப் பாருங்கோ. போன்ல சார்ஜை 80 வீதத்தில நிப்பாட்டிற வசதி இருந்தால் ஒன் பண்ணுங்கோ, முழு சார்ஜிலயும் சூட்டிலயும் நாள் முழுக்க நிக்கிறதுதான் பற்றரிக்குக் கூடாது. வைஃபை ஹொட்ஸ்பொட்டும் போனைச் சுட வைக்கும், அதோட பற்றரியையும் இறக்கும், ஃபிளட் முழுக்க ஆயிரம் ரவுட்டர் கத்திற இடத்தில அடிக்கடி தடுமாறும். ஒரே ஒரு கொம்பியூட்டருக்கு நெட் வேணும் எண்டால் நான் எப்பவும் வயரைத்தான் சொல்லுவன், ரெண்டு மூண்டு பேருக்கு வேணுமெண்டால்தான் ஹொட்ஸ்பொட்.

கேள்வி: கரண்ட் போனா ரவுட்டர் ஒஃப். அந்த நேரம் லெப்டொப்புல ஒஃபிஸ் வேல செய்ய வயர் நல்லமா, ஹொட்ஸ்பொட் நல்லமா?
(மருதானை வாசகர்)

பதில்: 2022ல 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்ததைக் கண்ட ஊர் இது, நல்ல கேள்வி. வயரைக் குத்தினால் போன் லெப்டொப்பிட்ட இருந்து சார்ஜ் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட் 5 வோல்ட்டில 500 மில்லி அம்பியர், அதாவது இரண்டரை வாட், யூஎஸ்பி 3 எண்டால் நாலரை வாட் வரைக்கும். லெப்டொப் பற்றரி 45 வாட்-மணித்தியாலம் எண்டு வைச்சால் மணித்தியாலத்துக்கு அதில பத்தில ஒரு பங்கு வரைக்கும் போனுக்குப் போகும். ரெண்டு மணித்தியாலக் கட் எண்டால் கவலையே இல்லை, வயர் குத்துங்கோ. நீண்ட கட் எண்டு தெரிஞ்சு பவர் பேங்கும் கையில இருந்தால், போனைப் பவர் பேங்கில குத்தி ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்பின்ட பற்றரியை லெப்டொப்புக்கே விடுங்கோ. ஆனா போன் டவரும் கரண்ட் இல்லாத நேரம் பற்றரியிலயோ ஜெனரேட்டரிலயோதான் நிக்குது, அதுவும் முடிஞ்சு டவர் படுத்தால் வயரும் இல்லை ஹொட்ஸ்பொட்டும் இல்லை. அனுப்ப வேண்டிய ஃபைலை கரண்ட் போன முதல் மணித்தியாலத்திலயே அனுப்பிடுங்கோ.

கேள்வி: போன்ல விபிஎன் (நெட்டை வேற ஒரு சேவருக்குள்ளால மறைச்சு அனுப்பிற அப்) போட்டிருக்கிறன். கேபிளால குத்தின லெப்டொப்பும் அந்த விபிஎன்னுக்குள்ளாலதானே போகும்?
(கிராண்ட்பாஸ் வாசகர்)

பதில்: இல்லை. சாதாரண அண்ட்ரொய்ட்டில டெதரிங்கால போறது விபிஎன்னைத் தாண்டி நேராத்தான் போகும். லெப்டொப்புக்கு வேணுமெண்டால் லெப்டொப்பிலயே தனியாப் போட வேணும். அது ஒஃபிஸ் லெப்டொப் எண்டால் முதல்ல ஐடி ஆக்களிட்டக் கேளுங்கோ, சில இடங்கள்ல யூஎஸ்பியில போன் குத்துறதையே பூட்டி வைச்சிருப்பினம், அப்பிடியெண்டால் எத்தினை கேபிள் மாத்தினாலும் வராது.