புளி போட்டுத் தேய்க்கலாமா குரோமை?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்றவன். சென்ற நவம்பர் முதல் ஏப்ரல் வரை நானும் என் மனைவியும் டொரன்டோவுக்கு அருகில் உள்ள மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஏப்ரலில் காரைக் கழுவியபோது, முன்பக்கக் கிரில்லின் குரோம் பட்டைகளில் வெள்ளைப் படலமும் அங்கங்கே பழுப்புப் புள்ளிகளும் தெரிந்தன. சன்னல் கண்ணாடிகளைச் சுற்றியுள்ள வெள்ளிநிறப் பட்டையோ பால் தெளித்தாற்போல் மங்கிக் கிடந்தது. குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார் என் மனைவி. தொடவே கூடாது என்று மருமகன் தடுத்துவிட்டார். வரும் நவம்பரில் மறுபடியும் போகிறோம். யார் சொல்வது சரி?
— ஈசூன் வாசகர்

பதில்: இந்த வழக்கில் மருமகன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, ஐயா. அதை வீட்டில் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை மட்டும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

குத்துவிளக்கு முழுவதும் பித்தளை. புளியின் அமிலம் மேலே கறுத்துப்போன படலத்தைக் கரைக்கிறது, விபூதியின் துகள் தேய்க்கிறது, வெள்ளிக்கிழமைக்காகத் துலக்கும்போதெல்லாம் விளக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்கிறது. அடியில் இருப்பதும் பித்தளையே என்பதால், பாட்டி ஏற்றிய விளக்கு பேத்தி கையிலும் பளபளக்கிறது. குரோமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் வருவது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காரின் அலங்காரப் பட்டையில் இருக்கும் குரோம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டுவதில்லை. அதற்குக் கீழே இருபது, முப்பது மைக்ரானுக்கு நிக்கல் பூசியிருப்பார்கள். நாம் பார்க்கும் பளபளப்பில் பெரும்பங்கு அந்த நிக்கலுடையது. குரோம் அதன்மேல் போர்த்திய, மிகக் கடினமான, ஆனால் மிக மெல்லிய தோல். அந்தத் தோலிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புநீர் அவற்றின் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது.

உப்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் சாலையில் விழுவது ஒரே பொருள் அல்ல. அதிகமாகப் போடுவது சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான், கல்லுப்பாக. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துக் கோடெரிக் ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீட்டர் ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் அங்கே உப்பின் தேவை எவ்வளவு என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே 9 அல்லது 10 டிகிரி செல்சியஸ் ஆகிவிட்டால் இந்த உப்பின் வேகம் குறைந்துவிடும். அப்போது மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவற்றின் கரைசலைத் தெளிப்பார்கள். சாலையில் ஒட்டி நிற்பதற்காக, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கின் சாற்றையும் கனடாவின் சில நகரங்களில் கலக்கிறார்கள்.

கரைசலாகத் தெளிக்கும் இந்த இரண்டுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சோடியம் குளோரைடு உலர்ந்து சும்மா கிடக்கும். மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் முப்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்து ஈரமாகிவிடும். ஆகவே இரவில் காரை வெதுவெதுப்பான கராஜில் நிறுத்துவது காருக்குச் செய்யும் உபசாரம்போலத் தோன்றினாலும் உண்மையில் எதிரிக்குச் செய்யும் உதவி: உப்பு காய்வதும் இல்லை, சூட்டில் அரிப்பும் வேகமெடுக்கிறது. கால்சியம் குளோரைடு களிமண் சேற்றோடு கலந்து அப்பிக்கொண்டால் அடியில் உள்ள நிக்கலை விட்டுவிட்டு மேலே உள்ள குரோமையே கரைத்துவிடும். மாஸ்கோவின் பனிக்காலச் சாலைகளில் இது பெரிதாகத் தலைகாட்டியதால், முலாம் தொழிலில் உள்ளவர்கள் அந்தச் சேதத்தை ‘ரஷ்யச் சேறு’ என்றே அழைக்கிறார்கள்.

இனி உங்கள் மகளின் காருக்கு வருவோம். கறை மேலே படிந்ததா, உள்ளே தின்றதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எதைப் போட்டுத் துடைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நன்றாகக் கழுவி உலர்த்திய பட்டையின்மேல் கைத்தொலைபேசியின் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, புள்ளியின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் சிறு மேட்டில் ஏறி இறங்கினால் அது படிந்த பொருள், எடுத்துவிடலாம். நகம் குழியில் விழுந்தால், அல்லது சுற்றியுள்ள பளபளப்பு வெள்ளிநிறத்திலிருந்து இலேசான மஞ்சளுக்கு மாறியிருந்தால், குரோம் போய் நிக்கல் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அதை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது.

அடுத்து, பட்டை எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இன்றைய கார்களின் கிரில் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக்கின்மேல் முலாம் பூசியது. காந்தம் ஒட்டாது, தட்டினால் உலோக ஓசை வராது. இது தெரிந்தவுடன் உங்கள் பழுப்புப் புள்ளிகளின் பாதி மர்மம் விலகிவிடுகிறது, ஏனென்றால் பிளாஸ்டிக் துருப்பிடிப்பதில்லை. அந்தப் புள்ளிகள் பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் தூளாகவோ, கரைசலில் கலந்த பிசுபிசுப்பான சாறாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

துப்புரவுக்கு, வெளியே வெப்பநிலை உறைநிலைக்கு மேல் இருக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். துணி படுவதற்கு முன் தண்ணீர் தாராளமாகப் பட வேண்டும். உப்பு நீரில் தானே கரையும். அதோடு வந்த மணல்தான் கீறும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சாதாரண கார் ஷாம்பு கலந்து, பட்டையை ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பட்டையின் நீளவாக்கில் துடையுங்கள். மூலைகளுக்குப் பழைய, மென்மையான பல்துலக்கி போதும். இதற்கே முக்கால்வாசி போய்விடும். வெள்ளைப் படலம் அப்போதும் நின்றால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு, நன்றாக அலசிவிடுங்கள். பழுப்புப் புள்ளிகளுக்கு, பிரேக் தூளைக் கரைப்பதற்கென்றே விற்கும் அமிலமில்லாத திரவத்தைத் தெளிக்கலாம். இரும்பைத் தொட்டதும் அது ஊதா நிறமாக வழியும். காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

சன்னலைச் சுற்றிய பட்டைக்கு இந்த வினிகர் வைத்தியத்தைச் செய்ய வேண்டாம். பால் தெளித்தாற்போல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது குரோமே அல்ல, அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேலே காப்புப் படலம் வளர்த்த, அலுமினியமாக இருக்கலாம். குறிப்பாக ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் அப்படித்தான். அதன் மேற்பரப்பு அலுமினிய ஆக்சைடு. அமிலமும் காரமும் இரண்டுமே அதைக் கரைக்கும். சாம்பலுக்குக் காரத்தன்மை உண்டு என்பதால் உங்கள் மனைவி சொன்ன விபூதி இங்கே இரட்டைத் தீங்கு. கார் கழுவும் கூடங்களில் துணி படாமல் அழுக்கைப் பெயர்க்கத் தெளிக்கும் கடுமையான காரத் திரவங்களும் இதே வெண்மையை உண்டாக்கும், ஆகவே பழியை உப்பின்மேல் மட்டும் போட முடியாது. ஷாம்புக்கு அது அசையவில்லை என்றால், மென்மையான உலோகப் பாலிஷை மறைவான ஓரத்தில் ஒரு அங்குலம் மட்டும் சோதித்துப் பாருங்கள். தெளிந்தால் தொடரலாம், ஆனால் தேய்க்கும்போது காப்புப் படலமும் தேய்கிறது என்பதை மறக்க வேண்டாம். தெளியாவிட்டால் பட்டையை மாற்றுவது, அல்லது மேலே கறுப்பு வினைல் ஒட்டுவதுதான் வழி.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், அதுவும் என் சொந்தக் கணக்கிலிருந்து. பட்டறையில் சேர்ந்த புதிதில், பழைய லாரி ஒன்றின் குரோம் பம்பரைச் சீக்கிரம் பளபளப்பாக்கிவிடலாம் என்று கழிவறை கழுவும் அமிலத்தைத் துணியில் எடுத்துத் துடைத்தேன். முதலில் நுரைத்தது, பிறகு பச்சையாக வழிந்தது, அதற்குள் என் கையளவு இடம் மஞ்சள் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமைக் கரைக்கும் என்ற பாடத்தை அன்றைக்கு என் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டிப் படித்தேன். உப்புத்தாளும் அப்படியே; பெயரில் உப்பு இருக்கிறதே தவிர உப்புக்கறைக்கு அது மருந்தல்ல.

அடுத்த பனிக்காலத்துக்கு, நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் வாரமே, முதல் பனி கனமாக விழுவதற்கு முன், குரோம் பட்டைகளைக் கழுவி உலர்த்தி இரண்டு முறை கார் மெழுகு பூசிவிடுங்கள். வெடிப்புகளின் வாயை அது தற்காலிகமாக அடைக்கும். அதன்பின் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குளிர் சற்றுத் தணியும் நாளில், சும்மா தண்ணீர் விட்டு அலசினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. ஏப்ரல் வரை காத்திருந்ததுதான் சென்ற முறை நடந்த பிழை.

கேள்வி: இங்கிலாந்தில் 1970களில் ஓடிய கார் ஒன்றை இங்கே கொண்டுவந்து பராமரித்துவருகிறேன். பின்பக்க இரும்புப் பம்பரின் குரோமில் அம்மைக் கொப்புளம்போல் மேடுகள் எழும்பியிருக்கின்றன. ஒன்றைத் தட்டினேன், சில்லாக உதிர்ந்துவிட்டது. குரோம் நிறத் தெளிப்பான் அடித்தால் போதும் என்கிறார் நண்பர்.
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: கொப்புளம் எழும்பியது என்றால் துரு முலாமுக்கு அடியில் பரவி, அதை மேலே தூக்கிவிட்டது. தெளிப்பான் அடிப்பது புண்ணுக்குப் பவுடர் பூசுவதுதான்; சில மாதங்களில் அடுத்த கொப்புளம் கிளம்பும்.

பம்பரைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறத்தைப் போல அங்கே யாரும் அக்கறையாக முலாம் பூசியிருக்க மாட்டார்கள். மடிப்புகளில் பழுப்பாக மண் இறுகிக் கிடந்தால் ஒரு மரக்குச்சியால் பெயர்த்து எடுத்துவிடுங்கள். பிரிட்டிஷ் சாலைகளில் போடும் கல்லுப்பு, அதில் பெரும்பகுதி செஷயரின் வின்ஸ்ஃபோர்டில் 1844இல் தொடங்கிய சுரங்கத்திலிருந்து வருவது, களிமண் கலந்த பழுப்பு நிறமுடையது. அந்த மண்ணுக்குள் தங்கிய உப்பு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் ஊர்க் காற்றில் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

முறையான தீர்வு மறுமுலாம்: பழைய முலாமை உரித்து, துருவை நீக்கி, குழிகளைச் செம்புப் பூச்சால் நிரப்பித் தேய்த்து, நிக்கலும் கடைசியில் குரோமும் ஏற்ற வேண்டும். செலவில் பெரும்பகுதி குரோமுக்கு அல்ல, அந்தத் தேய்ப்புக் கூலிக்குத்தான். எனவே விலை கேட்கும்போது, குழிகளை நிரப்பித் தேய்ப்பதும் அதில் அடங்குமா என்று முதலில் கேளுங்கள். வீட்டிலேயே குரோம் முலாம் பூசும் ஆசை வேண்டாம். பழைய முறைத் தொட்டிகளில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். உதிர்ந்த இடத்தின் ஓரம் பிளேடுபோல் வெட்டும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பணம் சேரும்வரை தள்ளிப்போட நினைத்தால், கொப்புளங்களைத் தட்டாமல், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து, வெளியே தெரியும் துருவை மட்டும் இலேசாகத் தேய்த்து எடுத்து, துடைத்து உலர்த்தி வாஸ்லின் தடவி வையுங்கள். இந்த அலுமினியத் தாள் வைத்தியம் இரும்பின்மேல் பூசிய குரோமுக்கு மட்டுமே. முதல் கேள்வியில் வந்த பிளாஸ்டிக் கிரில்லில் இதை முயல வேண்டாம்.

கேள்வி: பனியும் இல்லை, சாலையில் உப்பும் இல்லை, பிடோக்கில் கடலோரமாக நிறுத்தும் என் மோட்டார்சைக்கிளின் குரோமில் ஏன் துருப்புள்ளி வருகிறது? புகைக்குழாய் வேறு நீலமாகிவிட்டது.
— பிடோக் வாசகர்

பதில்: உங்களுக்கு உப்பைக் கடல் காற்றே கொண்டுவந்து தூவுகிறது. சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு மேல் நனைந்துவிடும் என்று மேலே எழுதியிருக்கிறேன். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். ஆகவே உங்கள் வண்டியின் உப்பு ஒவ்வோர் இரவும் ஈரமாகிறது. மழையில் நனைந்தால் கழுவினாற்போல் ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கூரையுள்ள நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பேறும் இல்லை. வாரம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, மாதம் ஒருமுறை மெழுகு பூசுங்கள்.

புகைக்குழாயின் நீலம் உப்பால் வந்ததல்ல, சூட்டால் வந்தது. அதற்கென்று விற்கும் பாலிஷால் ஓரளவு குறைக்கலாம், வண்டி ஓடினால் திரும்பவும் வரும். அந்தக் குழாயில் மட்டும் மெழுகு பூசாதீர்கள். அடுத்த முறை கிளப்பியதும் புகைந்து, தீய்ந்த கறையாக ஒட்டிக்கொள்ளும்.